பேரிங்கு மறுபடி மறுபடி போகுதா? சத்தம், சூடு, கிரீஸ் கலர வெச்சு காரணத்த புடிக்கிற விதம்

எங்க பட்டறை மேசைக்கு அடியில ஒரு பெரிய மைலோ டின் கெடக்கு, அது நெறைய செத்த பேரிங்கு. பேரிங்குன்னா சுத்துற தண்ட (ஷாஃப்ட்டு) உரசாம தாங்குறது, உள் ரிங்கு, வெளி ரிங்கு, ரெண்டுக்கும் நடுவுல பாதையில ஓடுற உருண்டைங்க; அது ஒக்கார்ற கூடுதான் ஹவுஸிங். பெசி பூரோக், அதான் பழைய இரும்பு, எடுக்கிறவரு வாரா வாரம் வந்து கேப்பாரு, குடுக்க மாட்டேன். ஏன்னா "அண்ணே போன தடவ மாத்துனது அதுக்குள்ள போச்சு, டூப்ளிகேட்டு போட்டுட்டீங்களா"ன்னு யாராச்சும் வந்து நின்னா, டின்ன கவுத்து அவரோட பழைய பேரிங்க தேடி எடுத்து முன்னாடி வெச்சுடுவேன். அதுல எழுதியிருக்கும் யாரு கொன்னதுன்னு.

நான் இருக்கிறது மலேசியாவுல தெலுக் இந்தான் பக்கம், சுத்தி செம்பனைத் தோட்டம், ஆத்தோரம் கொஞ்சம் தென்ன. மில்லுல இருந்து ப்ளோவரு வரும், தோட்டத்து தண்ணி பம்பு வரும், டவுன்ல மசாலா அரைக்கிற மெஷினு வரும், வருஷத்துக்கு ஒரு தடவ கோயில் தேரும் வரும். எல்லாத்துலயும் கம்ப்ளெய்ன்ட்டு ஒண்ணுதான், பேரிங்கு போச்சு. மாத்திக் குடுத்தா வாங்கிட்டு போயிடுவாங்க, காரணம் அங்கயே ஒக்காந்திருக்கும், நாலு மாசத்துல மறுபடி வருவாங்க. அதனால தினமும் வாயால சொல்றத இங்க எழுதி வெக்கிறேன். உங்க மெஷினு என்ன பண்ணுதோ அந்த தலைப்புக்கு நேரா போங்க, எல்லாத்தையும் படிக்கணும்னு இல்ல.

தொடறதுக்கு முந்தி மூணே விஷயம். மெயின் சுவிட்ச ஆஃப் பண்ணி பூட்டு போட்டு சாவிய உங்க பாக்கெட்டுல வைங்க, பக்கத்துல நிக்கிறவன் கிட்ட "ஆன் பண்ணிடாதே லா"ன்னு சொல்லி வெக்கிறதெல்லாம் பாதுகாப்பு இல்ல. ரெண்டாவது, கழட்டுன பேரிங்க கழுவாதீங்க, தூக்கி போடாதீங்க, எந்தப் பக்கம் மேல இருந்துச்சுன்னு மார்க்கர்ல ஒரு கோடு போட்டு வைங்க. மூணாவது, புதுசு மாட்டுன தேதிய ஹவுஸிங் மேலயே எழுதுங்க. இந்த மூணாவத பத்து பேர்ல ஒருத்தர் கூட செய்றதில்ல, அப்புறம் "எப்ப மாத்துனது"ன்னு கேட்டா "தீபாவளிக்கு முன்னாடின்னு நெனைக்கிறேன்"னு பதில் வரும்.

## சத்தம் வருது

மொதல்ல அது பேரிங்கு சத்தம்தானான்னு பாருங்க. மெஷினு ஓடும்போது கரண்ட கட் பண்ணுங்க. கட் பண்ண அந்த நொடியே சத்தம் நின்னுச்சுன்னா அது மோட்டரோட கரண்டு சம்பந்தப்பட்டது, பேரிங்கு மேல பழி போடாதீங்க. சுத்து கொறைய கொறைய சத்தமும் கொறைஞ்சு நின்னா மெக்கானிக்கல். அதுக்கப்புறம் பெல்ட்ட கழட்டிட்டு மோட்டர மட்டும் ஓட்டிப் பாருங்க. சத்தம் இருந்தா மோட்டர்ல, இல்லைன்னா அந்தப் பக்கம் ஷாஃப்ட்டுல. காசு செலவில்லாத இந்த ரெண்டு செக்கப் பண்ணாமலே நாலு பேரிங்கயும் மாத்துன ஆளுங்க இருக்காங்க.

எந்த பேரிங்குன்னு கண்டுபிடிக்க நீளமான ஸ்க்ரூ டிரைவர் போதும். முனைய ஹவுஸிங்ல வெச்சு கைப்பிடிய காதுக்கு முன்னாடி எலும்புல அழுத்துங்க. தொங்குற சட்டை, கழுத்துச் சங்கிலி, அவுத்து விட்ட முடி எதுவும் வேண்டாம், சுத்துற ஷாஃப்ட்டுக்கு ஈவு எரக்கம் கெடையாது.

### கீச்சுனு கத்துது

கிரீஸ் இல்ல, இல்லைன்னா பெல்ட்டு வழுக்குது. ஸ்டார்ட் பண்ணும்போது மட்டும் கத்திட்டு அடங்கிடுச்சுன்னா அனேகமா பெல்ட்டு. ஓடிக்கிட்டே இருக்கும்போது கத்துனா ரெண்டு பம்பு கிரீஸ் அடிங்க. ஒடனே அடங்கிச்சுன்னா நல்லது, ஆனா ஒரு மணி நேரத்துல மறுபடி கத்துனா உள்ள ஏற்கனவே சேதம், கிரீஸ் வந்து வலி மாத்திரை மாதிரிதான். சத்தம் திரும்பி வந்துச்சுன்னா பேரிங்கு ஆர்டர் பண்ணிடுங்க.

### கொரகொரன்னு, மணலு அரைக்கிற மாதிரி

தூசி உள்ள போயிருக்கு, இல்ல ஓடுற பாதை உரிய ஆரம்பிச்சிருக்கு. கரண்ட ஆஃப் பண்ணிட்டு ஷாஃப்ட்ட கையால மெதுவா சுத்திப் பாருங்க, விரல்ல சொரசொரன்னு தெரிஞ்சா அது திரும்ப நல்லாகாது. எத்தன நாள் தாங்கும்னு கேக்காதீங்க, ஒண்ணு ஆறு வாரம் ஓடும், இன்னொண்ணு அன்னைக்கு ராத்திரியே ஜாம் ஆகி ஷாஃப்ட்டயும் சாப்ட்டுடும்.

### டிக் டிக்குன்னு ஒரே தாளத்துல

ரிங்குல எங்கயோ ஒரு பள்ளம். பெரும்பாலும் மாட்டும்போது சுத்தியலால வெளி ரிங்க அடிச்சு ஷாஃப்ட்டுல ஏத்தியிருப்பாங்க. அடி முழுக்க உருண்டை வழியா போயி பாதையில குழி போட்டுடும், புது பேரிங்கு மொத நாளே செத்தாச்சு. ஷாஃப்ட்டுல ஏத்தும்போது உள் ரிங்க மட்டும் தள்ளணும், ஹவுஸிங்ல எறக்கும்போது வெளி ரிங்க மட்டும். பேரிங்கு சைஸுக்கு ஒரு பைப்புத் துண்டு வெட்டி வெச்சுக்கோங்க, பழைய தண்ணி பைப்பே போதும். டைட்டா இருந்தா சூடு பண்ணி ஏத்தலாம், 110 டிகிரி, மிஞ்சிப் போனா 120. கேஸு டார்ச்ச நேரா காட்டாதீங்க, ரிங்குல நீலம் ஏறிடுச்சுன்னா அந்த இரும்பு மெத்துனு போச்சு.

### உள்ள கல்லு உருளுற மாதிரி, அதுவும் தண்ணி பம்புல

இது பல பேர ஏமாத்தும். ஸ்க்ரூ டிரைவர பேரிங்கு பக்கம் வெச்சா சத்தம் கம்மி, பம்பு வயித்துல வெச்சா ஜாஸ்தின்னா அது பேரிங்கே இல்ல, உறிஞ்சுற பக்கம் தண்ணி பத்தல. கான்ல (வாய்க்கால்ல) போட்டிருக்கிற ஃபுட் வால்வு, ஸ்ட்ரெய்னர்ல எலை அடைச்சிருக்கும், போயி இழுத்துப் போட்டா சத்தம் போயிடும்.

## கை வைக்க முடியாத சூடு

கைய வெச்சு ரெண்டு நொடிக்கு மேல தாங்க முடியலைன்னா சுமாரா 60 டிகிரி. அதுக்கே பயந்துடாதீங்க, பாய்லரு பக்கத்துல ஓடுற ப்ளோவருக்கு 70 எல்லாம் சாதாரணம். பாக்க வேண்டியது நேத்து என்ன, இன்னைக்கு என்னங்கிறது. திடீர்னு 15, 20 டிகிரி ஏறியிருந்தா விஷயம் இருக்கு. 70க்கு மேல போற ஒவ்வொரு 15 டிகிரிக்கும் கிரீஸோட ஆயுசு பாதியாகும்னு ஒரு கணக்கு வெச்சுக்கோங்க. லேசர் தெர்மாமீட்டர் வெச்சிருக்கிறவங்க பளபளன்னு இருக்கிற ஷாஃப்ட்டுல காட்டாதீங்க, பொய் சொல்லும். ஹவுஸிங்ல ஒரு துண்டு கறுப்பு டேப்பு ஒட்டி அதுல காட்டுங்க.

இப்ப சுலபமானதுல இருந்து வரிசையா பாருங்க.

இன்னைக்குத்தான் கிரீஸ் அடிச்சீங்களா? அப்ப காத்திருங்க, கிரீஸ் பரவி அடங்க சில மணி நேரம், சில சமயம் ஒரு நாள் ஆகும்.

அடங்கலையா? ஜாஸ்தி அடிச்சிட்டீங்க. நம்ம ஊர்ல கிரீஸ் கொறஞ்சு செத்தத விட கூடிச் செத்தது நான் நெறைய பாத்துட்டேன். சீல் வழியா பிதுங்குற வரைக்கும் அடிக்கணும்னு எந்த மண்டோரு (மேஸ்திரி) சொல்லிக் குடுத்தாரோ தெரியல. ஹவுஸிங்ல காலி எடத்துல மூணுல ஒரு பங்குல இருந்து பாதி வரைக்கும்தான் இருக்கணும், நெறஞ்சு போனா உருண்டைங்க கிரீஸ கடைஞ்சுக்கிட்டே இருக்கும், அந்த உழைப்புதான் சூடு. எவ்வளவு அடிக்கணும்னா, வெளி விட்டத்தையும் அகலத்தையும் மில்லிமீட்டர்ல (இனி மில்லின்னே சொல்றேன்) பெருக்கி 0.005ஆல பெருக்குங்க, கிராமு வரும். 6308 நம்பர் பேரிங்க எடுத்துக்கிட்டா 90 மில்லி வெளி விட்டம், 23 அகலம், 10 கிராம் சொச்சம். உங்க கிரீஸ் கன்னு ஒரு தடவ அழுத்துனா எத்தன கிராமுன்னு தெரியணும், ஒவ்வொரு கன்னும் ஒரு மாதிரி. பத்து பம்பு ஒரு பிளாஸ்டிக்கு மேல அடிச்சு எடை போட்டு பத்தால வகுங்க. நான் வீட்டு முறுக்கு மாவு தராசுல போட்டேன், அதுக்கு வாங்குன ஏச்சு தனிக் கதை.

கிரீஸ் சரி, இன்னும் சூடுன்னா பெல்ட்டு இறுக்கம். ரெண்டு புல்லிக்கு நடுவுல உள்ள தூரம் ஒரு மீட்டரா இருந்தா பெல்ட்ட நடுவுல கட்டை விரலால நல்லா அழுத்தும்போது 16 மில்லி எறங்கணும், அரை மீட்டர்னா 8 மில்லி. கிட்டாரு கம்பி மாதிரி டிங்குனு அடிச்சா இறுக்கம் ஜாஸ்தி. வழுக்குதேன்னு இறுக்குறாங்க, ஆனா வழுக்குற பெல்ட்டு தேஞ்ச பெல்ட்டு, மாத்தணும்.

அதுவும் சரின்னா பழைய பேரிங்கு நம்பர முழுசா படிங்க. கடைசில சி3ன்னு இருந்துச்சா, நீங்க வாங்கி மாட்டுனதுல அது இல்லையா? சி3ன்னா உள்ள எடைவெளி கொஞ்சம் ஜாஸ்தி, சூடாகிற மோட்டருக்கு அதுதான் வேணும். சாதாரணத மாட்டுனா சூடாகி விரிஞ்சு தன்னைத்தானே நெரிச்சுக்கும்.

கடைசியா, நீள ஷாஃப்ட்டுல ரெண்டு பக்கமும் பேரிங்க அசையாம புடிச்சு வெச்சிருக்காங்களான்னு பாருங்க. ஒரு மீட்டர் ஷாஃப்ட்டு 40 டிகிரி சூடானா கிட்டத்தட்ட அரை மில்லி நீளும், அந்த அரை மில்லிக்கு போக எடம் வேணும். ஒரு பக்கம் புடிக்கணும், இன்னொரு பக்கம் நகர விடணும். இத சரி பண்ணியும் சூடு எறங்கலைன்னா, இல்ல 100 தாண்டுதுன்னா ஓட்டாதீங்க, ஆள கூப்பிடுங்க.

## மாத்தி மூணு நாலு மாசத்துல மறுபடி போகுது

இதுக்குத்தான் நான் இவ்வளவும் எழுத ஆரம்பிச்சேன்.

எங்க டவுன்ல மசாலா அரைச்சு விக்கிற அக்கா ஒருத்தங்க, ஒரே மெஷினுக்கு ஒரே பேரிங்கு, மூணு தடவ. யூசிபி 208, புல்லிக்கு பக்கத்துல உள்ளது. ஸ்டாண்டோட வர்ற பிலோ பிளாக்கு அது, உள்ள இருக்கிற பேரிங்கு யூசி 208. மூணாவது தடவ கேட்டாங்க, "தம்பி, இத விட பெருசா தடியா ஏதாச்சும் போட்டு விடேன், காசு போனா போகுது." எல்லாரும் கேக்கிறது இதுதான். பெருசு போட்டா தாங்கும்னு ஒரு நெனப்பு. நான் போன எடுத்து கால்குலேட்டர திறந்தேன்.

மொதல்ல அந்த பேரிங்கு மேல எவ்வளவு பாரம் விழுது? 5.5 கிலோவாட் மோட்டரு, அரைக்கிற ஷாஃப்ட்டு நிமிஷத்துக்கு 900 சுத்து, அதுல உள்ள புல்லி 240 மில்லி. 9550ஐ (கிலோவாட்ட முறுக்கு விசையா மாத்துற எண்) 5.5ஆல பெருக்கி 900ஆல வகுத்தா 58 நியூட்டன் மீட்டர் முறுக்கு விசை, அத புல்லி விட்டத்துல பாதி 0.12 மீட்டரால வகுத்தா 486 நியூட்டன். ஆனா வி பெல்ட்டு ரெண்டு பக்கமும் இழுக்கும், அதனால ரெண்டரை மடங்கு, 1200 சொச்சம். புல்லி பேரிங்க தாண்டி வெளிய தொங்குது, அதுக்கு ஒண்ணரை மடங்கு, 1800 சொச்சம். ஷாஃப்ட்டு, ரோட்டரு எடைல பாதி ஒரு 400. அரைக்கும்போது வர்ற குலுக்கலுக்கு மேல ஒரு மூணுல ஒரு பங்கு. எல்லாம் சேத்து கிட்டத்தட்ட 3 கிலோநியூட்டன், அதாவது 300 கிலோ.

இனி பேரிங்கோட பலம். கேட்டலாக்குல ஒவ்வொரு நம்பருக்கும் நேரா சி (C)ன்னு ஒரு எண் இருக்கும், சுத்தும்போது தாங்குற பலம் அது (மேல சொன்ன சி3 வேற), யூசி 208க்கு 29.1 கிலோநியூட்டன். 29.1ஐ 3ஆல வகுத்தா 9.7. அத அதாலயே மூணு தடவ பெருக்குங்க, 9.7 x 9.7 x 9.7, 912. இது மில்லியன் சுத்து. மணிக்கு 54,000 சுத்துன்னா 16,900 மணி நேரம். அக்கா நாளைக்கு எட்டு மணி நேரம், மாசம் 25 நாள் ஓட்டுறாங்க, வருஷத்துக்கு 2,400 மணி. ஏழு வருஷம் வரணும்.

உருண்டை பேரிங்குக்கு மூணு தடவ பெருக்கணும், ரோலருக்கு 3.33ன்னு பவர் போடணும், அவ்வளவுதான் வித்தியாசம். இது ஐஎஸ்ஓ 281ங்கிற உலகத் தரத்துல உள்ள கணக்கு, 1947ல லுண்ட்பெர்க், பால்ம்கிரென்னு ரெண்டு ஸ்வீடன்காரங்க போட்ட அடிப்படை. ஏழு வருஷம்னா ஏழு வருஷம் கேரண்டின்னு அர்த்தம் இல்ல, ஒரே மாதிரி நூறு பேரிங்கு ஓட்டுனா தொண்ணூறு இத தாண்டும், பத்து முன்னாடியே போயிடும். அதனால ஒரு தடவ சீக்கிரம் போனா நம்ம நேரம் சரியில்லன்னு விட்டுடலாம். மூணு தடவ வரிசையா நாலு மாசத்துலயா?

பெல்ட்டு இறுக்கமா இருக்குமோ? சரி, பாரம் ரெண்டு மடங்கு, 6 கிலோநியூட்டன்னு வெச்சுக்குவோம். 4.85ஐ மூணு தடவ பெருக்குனா 114, மணிக்கணக்குல 2,112, பத்தரை மாசம். பாத்தீங்களா, பாரம் ரெண்டு மடங்கானா ஆயுசு எட்டுல ஒண்ணு. ஏழு வருஷம் ஒரு வருஷத்துக்கும் கொறவா போச்சு, இது ஒண்ணுக்காகவே பெல்ட்ட கண்டபடி இறுக்காதீங்க. ஆனா பத்தரை மாசமும் நாலு மாசமும் ஒண்ணு இல்லையே.

அதனால தலைகீழா போட்டேன். நாலு மாசம்னா 800 மணி, 43 மில்லியன் சுத்து. அந்தக் கணக்குல பேரிங்கு சாகணும்னா பாரம் எவ்வளவு இருக்கணும்? 8.3 கிலோநியூட்டன், எண்ணூறு கிலோவுக்கு மேல. ஒரு சின்ன கஞ்சில் கார தூக்கி அந்த ஷாஃப்ட்டு மேல வெச்சாலும் அவ்வளவு வராது. அப்ப பாரம் கொல்லல. பாரம் கொல்லலைன்னா பெரிய பேரிங்கு போட்டு ஒரு பிரயோஜனமும் இல்ல, கொன்னவன் அதையும் கொல்லுவான்.

பேரிங்க வெட்டுனேன். மூடிய நெம்பி எடுத்தவொடனே எனக்கும் பக்கத்துல நின்ன பையனுக்கும் தும்மல். உள்ள கிரீஸே இல்ல, செக்கச்செவேல்னு சம்பல் மாதிரி ஒரு விழுது, மொளகாத்தூளும் கிரீஸும் கலந்து கெட்டியா ஒட்டியிருக்கு. பாதைங்க மினுமினுப்பு இல்லாம சாம்பல் நெறத்துல அகலமா தேஞ்சு கெடக்கு. விசாரிச்சா, தினமும் சாயங்காலம் கம்ப்ரெஸரு காத்தால மெஷின ஊதி சுத்தம் பண்றாங்களாம், பேரிங்கயும் சேத்து. காத்து தூள சீலுக்குள்ள தள்ளியிருக்கு. சுத்தம் பண்ணியே சாகடிச்சிருக்காங்க.

என்ன செஞ்சோம்னா, அதே 208, அதே சைஸு. ஊதுறது நிறுத்தி பிரஷ்ஷு, துணி. பேரிங்குக்கும் அரைக்கிற பெட்டிக்கும் நடுவுல ஷாஃப்ட்டோட சேந்து சுத்துற மாதிரி ஒரு ரப்பர் வளையம். கிரீஸ் கொஞ்சம் கொஞ்சமா வாரம் ஒரு தடவ, ஓடும்போது, உள்ள இருந்து வெளிய தள்ளுற மாதிரி. இப்ப ரெண்டு வருஷம் தாண்டிருச்சு.

உங்க மெஷினுக்கும் இதே வழிதான். கணக்கு சொல்ற ஆயுசும் வந்த ஆயுசும் ஏறக்கொறைய கிட்ட இருந்து, பாதையில செதில் செதிலா உரிஞ்சிருந்தா அது நேர்மையான சாவு, அப்பத்தான் பெரிய பேரிங்க பத்தி யோசிக்கணும். 6205க்கு பதிலா 6305 போட்டா உள் ஓட்டை அதே 25 மில்லிதான், வெளி விட்டம் 52ல இருந்து 62 ஆகும், ஹவுஸிங்க லேத்துல குடையணும். தேவையில்லாம ரொம்ப பெருசும் போடாதீங்க. பாரம் பத்தலைன்னா உருண்டை உருளாம வழுக்கும், ரோலர் பேரிங்குக்கு அந்த சி (C) எண்ணுல நூத்துக்கு ரெண்டு பங்காச்சும் பாரம் வேணும். கணக்குக்கும் நெசத்துக்கும் பத்து மடங்கு வித்தியாசம் இருந்தா கெடந்து பேரிங்கு கடைக்கு அலையாதீங்க, செத்தத படிங்க. நிக்கிற ரிங்குல கோடு சாய்வா ஓடுதா, ஷாஃப்ட்டு நேர்ல இல்ல. உருண்டைக்கு உருண்டை எடைவெளியில குழியா, சுத்தியலு. சாம்பல் தேய்மானமா, தூசி. செத்தத படிச்சும் புரியல, மெஷினு வெலை ஒசந்தது, நின்னா வேலை நின்னுடும்னா, பேரிங்கு விக்கிற கம்பெனிகளோட இன்ஜினியருக்கு செத்த பேரிங்க அப்படியே அனுப்புங்க, கழுவாம.

அப்புறம் டூப்ளிகேட்டு. இருக்கு, இல்லைன்னு சொல்லல. பெட்டி பளபளன்னு இருந்து வெலை மத்த கடையில பாதியா இருந்தா அந்தப் பக்கம் போகாதீங்க. ஆனா மைலோ டின்னுல உள்ளதுல டூப்ளிகேட்டால செத்தது ரொம்ப கம்மி.

## உள் ரிங்கு ஷாஃப்ட்டுல வழுக்குது

ஷாஃப்ட்டுல பேரிங்கு ஒக்கார்ற எடத்துல நீலமா, பழுப்பா, இல்ல பாலிஷ் போட்ட மாதிரி இருந்தா ரிங்கு தனியா சுத்தியிருக்கு. பிலோ பிளாக்குன்னா மொதல்ல உள் ரிங்க ஷாஃப்ட்டோட புடிக்கிற ரெண்டு கிரப் ஸ்க்ரூவ பாருங்க, லூஸா இருக்கும், இறுக்குனா முடிஞ்சுது. இறுக்கியும் நிக்கலைன்னா ஷாஃப்ட்ட மைக்ரோமீட்டர்ல அளங்க.

சென்டர் பஞ்ச வெச்சு ஷாஃப்ட்டு சுத்தி புள்ளி புள்ளியா குத்தி டைட்டு பண்றவங்க இருக்காங்க, நானும் சின்ன வயசுல பண்ணியிருக்கேன், மறுநாள் மில்லு ஓடணும்னு ராத்திரி ரெண்டு மணிக்கு வேற வழி இல்லாம. அந்த புள்ளி முனைங்க ஒரு மாசத்துல மழுங்கிடும், மறுபடி லூஸு. ரிங்க ஷாஃப்ட்டுல ஒட்டுற பசை கொஞ்சம் நாள் தாங்கும். தேய்மானம் கண்ணுக்கே தெரியுதுன்னா லேத்துக் கடைக்கு குடுத்து வெல்டிங் போட்டு கடையுங்க, இல்லைன்னா புது ஷாஃப்ட்டு.

## கிரீஸ் பால் மாதிரி வெள்ளையா, இல்ல துருக் கலர்ல வருது

தண்ணி. சனிக்கிழமை மில்லு நின்னா ஹோஸு புடிச்சு எல்லாத்தையும் பீச்சி கழுவுற பழக்கம், திங்கக்கிழமை பேரிங்கு கத்தும். கழுவும்போது பேரிங்கு மேல நேரா அடிக்காதீங்க, முடிச்சவொடனே ஓட விட்டு புது கிரீஸ் அடிச்சு பழசு வெளிய வர்ற வரைக்கும் தள்ளுங்க (பிதுங்க அடிக்காதீங்கன்னு மேல சொன்னது தண்ணி, தூசி போகாத பேரிங்குக்கு), சீல் உதடு கிழிஞ்சிருந்தா மாத்துங்க. புது கிரீஸு பழையதோட சேருமான்னும் பாருங்க, லித்தியம் இருந்த எடத்துல பாலியூரியா அடிச்சா ரெண்டும் சேந்து தண்ணியா ஒழுகும், சீல் போச்சுன்னு நெனப்பீங்க.

## மெஷினே ஆடுது

அடி போல்ட்ட இறுக்குங்க. புல்லி நேரா இருக்கான்னு ஒரு நூல இழுத்துப் புடிச்சு பாருங்க. ஃபேனா இருந்தா எறக்கையில ஒட்டியிருக்கிற சாம்பல சொரண்டுங்க, ஒரு பக்கம் மட்டும் அப்பளம் மாதிரி விழுந்திருக்கும், பாதி கேஸு அதோட சரி. செத்த பேரிங்குல வெளி ரிங்கு முழுக்க சுத்தி தேஞ்சு உள் ரிங்குல ஒரே எடத்துல மட்டும் தேஞ்சிருந்தா அது பேலன்ஸு போனது. எறக்கை தேஞ்சு ஓட்டையாகியிருந்தா அது நம்ம வேலை இல்ல, பேலன்ஸிங் செய்ற ஆளுங்க மெஷினோட வரணும். பாய்லரு பொகைய உறிஞ்சி வெளிய தள்ளுற ஐடி ஃபேன்ல உள்ள ஸ்லீவு போட்ட பெரிய ரோலர் பேரிங்கும் அப்படித்தான், நட்ட எவ்வளவு இறுக்கணும்னு ஃபீலர் கேஜ்ல எடைவெளி அளந்து பண்ணணும், "நல்லா டைட்டு பண்ணிட்டேன் பாஸ்"னு சொல்ற ஆள் கையில குடுக்காதீங்க.

## இன்வர்ட்டர் போட்ட பெறகு மோட்டரு ஊளை விடுது

இன்வர்ட்டர்னா இங்க மோட்டரு வேகத்த கூட்டிக் கொறைக்கிற பெட்டி. பேரிங்க வெட்டிப் பாருங்க, பாதையில தகரக் கூரை மாதிரி வரி வரியா இருந்தா கரண்டு பேரிங்கு வழியா போயிருக்கு. எர்த்து ஒயரு லூஸான்னு பாக்க சார்ஜ்மேன கூப்பிடுங்க, லைசென்ஸ் உள்ள ஆளு. தீர்வு எர்த்திங் பிரஷ்ஷு, இல்ல இன்சுலேட்டட் பேரிங்கு, ரெண்டுமே வெலைதான். இன்வர்ட்டரே இல்லாம வரி வந்திருந்தா வெல்டிங்கு பண்ணவர தேடுங்க, எர்த்து கிளாம்ப மெஷினோட அந்தக் கோடியில மாட்டிட்டு இந்தக் கோடியில ஒட்டியிருப்பாரு. வெல்டிங் பண்ற எடத்துக்கு பக்கத்துலயே மாட்டணும்.

## ஓடவே இல்ல, ஆனா பேரிங்கு போச்சு

ரெண்டு பம்பு பக்கம் பக்கமா இருக்கும், ஒண்ணு ஓடும், ஒண்ணு ஸ்பேரு. ஓடுறது போச்சுன்னு ஸ்பேர ஆன் பண்ணா அது அத விட மோசமா கத்தும். பக்கத்து பம்போட அதிர்வுல, நின்ன எடத்துலயே உருண்டைங்க தேச்சு தேச்சு குழி போட்டிருக்கும், குழியில செம்பழுப்பா தூள் இருக்கும். வாரம் ஒரு தடவ ஷாஃப்ட்ட கையால ஒண்ணேகால் சுத்து சுத்தி வைங்க, முழு சுத்தா சுத்துனா உள் ரிங்கு பழைய எடத்துலயே வந்து நின்னுடும். இல்லைன்னா ரெண்டு பம்பயும் மாத்தி மாத்தி ஓட்டுங்க.

கோயில் தேரும் இந்த ஜாதிதான். வருஷத்துல ஒரு நாள் ஓடும், மிச்ச நாளெல்லாம் ஷெட்டுல நிக்கும். கமிட்டிக்காரங்க "எத்தன வருஷம் தாங்கும்"னு கேப்பாங்க. 10 கிலோமீட்டர் ஊர்வலத்துக்கு 600 மில்லி சக்கரம் 5,300 சுத்துதான் சுத்தும், மில்லியன் கணக்குக்கு முன்னாடி அது ஒண்ணுமே இல்ல, அதனால சி (C) எண்ண விடுங்க, சி ஸீரோவ (C0) பாருங்க, நின்ன நெலையில எவ்வளவு பாரம் தாங்கும்னு சொல்ற எண் அது. 2 டன்னு தேரு, நாலு சக்கரம், ஒண்ணுக்கு 5 கிலோநியூட்டன். ஆனா ரோட்டு பள்ளத்துல எறங்கும்போது ரெண்டு சக்கரம்தான் தாங்கும், 10, தொபுக்குன்னு விழற அதிர்ச்சிக்கு அதுவே 20. சக்கரத்துக்கு ரெண்டு பேரிங்குன்னா ஒண்ணுக்கு 10. யூசி 208ன்னு வெச்சுக்கிட்டா சி ஸீரோ 17.8, கிட்டத்தட்ட 1.8 மடங்கு. குலுக்கல் உள்ளதுக்கு ஒண்ணரையில இருந்து ரெண்டு வேணும்பாங்க, பரவால்ல, தேறிடும். வெள்ளித் தகடு புதுசா அடிச்சு எடைய ஏத்துனா சொல்லிட்டு ஏத்துங்க, மறுபடி கணக்கு போடணும்.

தேருக்கு எமன் பாரம் இல்ல, ஊர்வலம் முடிஞ்சு மஞ்சத் தண்ணி, பாலு, தேங்காத் தண்ணி எல்லாம் சக்கரத்துல ஊத்திட்டு அப்படியே தள்ளி ஷெட்டுல விடறது. மறுநாளே சக்கரத்த ஜாக்கியில தூக்கி கிரீஸ் தள்ளி விடுங்க, மாசம் ஒரு தடவ கால் சுத்து உருட்டி வைங்க. சக்கரத்த தூக்கி கையால சுத்தும்போது கடக் கடக்குன்னு குழியில எறங்கி ஏறுனா மாத்தணும், திருவிழாவுக்கு ஒரு மாசம் இருக்கும்போதே கொண்டு வாங்க. திருவிழாவுக்கு மொத நாள் ராத்திரி பத்து மணிக்கு போன் பண்ணா, நான் எடுப்பேன், ஆனா பேரிங்கு கடை தவுக்கே, அதான் மொதலாளி, எடுக்க மாட்டாரு.